திருட்டு டர்ன்டேபிளும் நான்காவது திருத்தமும்: தப்பான வழியில் கிடைத்த சான்றை அமெரிக்க கோர்ட் என்ன செய்கிறது?

1984 ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் துப்பாக்கி வெடித்தது. குண்டு தரையைத் துளைத்துக்கொண்டு போய்க் கீழ்வீட்டில் இருந்தவரைக் காயப்படுத்தியது. சுட்டவரைத் தேடி போலீசார் மேல்வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஆள் இல்லை, மூன்று துப்பாக்கிகளும் ஒரு முகமூடியும் கிடைத்தன. அலங்கோலமாகக் கிடந்த அந்த வீட்டில் விலையுயர்ந்த ஸ்டீரியோ சாதனங்கள் இரண்டு செட் இருந்தது ஓர் அதிகாரிக்கு உறுத்தியது. டர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) கொஞ்சம் நகர்த்தி, அதில் இருந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, தலைமையகத்துக்கு போன் போட்டார். கொள்ளைபோன பொருள்தான் என்று பதில் வந்தது.

போலீசின் கணிப்பு சரி. பொருள் திருட்டுப் பொருளேதான். ஆனாலும் அந்தச் சான்று செல்லாது என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்குள் நுழைந்தது சட்டப்படி சரி, ஏனென்றால் துப்பாக்கிச் சூடு அவசரம். கண்ணெதிரே இருந்ததைப் பார்த்ததும் சரி. நகர்த்தியதுதான் தப்பு. துப்பாக்கிச் சூட்டுக்கும் டர்ன்டேபிளின் அடிப்பாகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; அது தனியாக ஒரு சோதனை; அதற்குப் போதிய காரணம் அதிகாரியிடம் இல்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, சட்ட வட்டாரத்தில் கடுமையான பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். குற்றவாளிகள் மேல் இரக்கப்பட்டு அப்படி எழுதினார் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த மாதிரி, போலீஸ் விதியை மீறி எடுத்த பொருளையோ வாக்குமூலத்தையோ விசாரணையில் பயன்படுத்த விடாமல் ஒதுக்கிவைப்பதை அமெரிக்காவில் சான்று விலக்கு விதி என்கிறார்கள். இதைப் பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த விதி வழக்கைத் தள்ளுபடி செய்வதில்லை. ஆளை நிரபராதி என்று சொல்வதும் இல்லை. குறிப்பிட்ட ஒரு சான்றை மட்டும் மேசையிலிருந்து எடுத்துவிடுகிறது. மீதி இருப்பதை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடிந்தால் அரசுத் தரப்பு தாராளமாக நிரூபித்துக்கொள்ளலாம். போதைப்பொருள் வழக்கில் அந்தப் பொட்டலமே விலக்கப்பட்டால் வழக்கில் ஒன்றும் மிஞ்சாது. கொலை வழக்கில் நேரில் பார்த்த சாட்சிகள் மூன்று பேர் இருக்கும்போது ஒரு வாக்குமூலம் போனால் பெரிய இழப்பு இல்லை. "போலீஸ் ஏதோ ஒரு வரியைச் சொல்ல மறந்துவிட்டது, அதனால் ஆள் வெளியே வந்துவிட்டான்" என்று படங்களைப் பார்த்து நாம் வைத்திருக்கும் எண்ணம் பெரும்பாலும் தப்பு.

அரசியல் சாசனத்தில் இந்த விதி எழுத்தில் இல்லை. 1791இல் வந்த நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனையும் பறிமுதலும் கூடாது, வாரண்ட் கொடுக்க வேண்டுமானால் போதிய காரணம் வேண்டும், தேட வேண்டிய இடத்தையும் எடுக்க வேண்டிய பொருளையும் அதில் குறிப்பிட வேண்டும் என்கிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நீதிமன்றம்தான் நிரப்பியது. கான்சாஸ் சிட்டியில் தபால் மூலம் லாட்டரிச் சீட்டு அனுப்பியதாக வீக்ஸ் என்பவரைப் பிடித்தார்கள். சாவி இருக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாரண்ட் இல்லாமலேயே வீட்டைத் திறந்து கடிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 1914இல் உச்ச நீதிமன்றம் கேட்டது எளிய கேள்விதான்: இப்படி எடுத்ததை வைத்தே தண்டிக்கலாம் என்றால் நான்காவது திருத்தம் எதற்கு இருக்கிறது?

அந்தத் தீர்ப்பு மத்திய அரசின் அதிகாரிகளை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. மாநில போலீஸ் கதவை உடைத்து எடுத்ததை மத்திய வழக்கறிஞரிடம் கொடுத்தால் அவர் வாங்கிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கூத்து பல ஆண்டுகள் நடந்தது. அன்றாடக் குற்றங்களில் பெரும்பகுதியைக் கையாள்வது மாநில போலீஸ்தான் என்பதால், விதி இருந்தும் இல்லாத மாதிரிதான். அதை மாற்றியவர் டோல்ரீ மேப்.

1957இல் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் மேப்பின் வீட்டுக்கு மூன்று போலீசார் வந்தார்கள். குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்படும் ஒருவர் உள்ளே இருப்பதாகத் தகவல். மேப் தன் வழக்கறிஞருக்கு போன் செய்து கேட்டுவிட்டு, வாரண்ட் இல்லாமல் விட மாட்டேன் என்றார். சில மணி நேரம் கழித்து இன்னும் பலர் வந்து கதவை உடைத்தார்கள். வாரண்ட் எங்கே என்று மேப் கேட்க, ஓர் அதிகாரி ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார். மேப் அதைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். போலீசார் போராடி அதைத் திரும்ப எடுத்து, அவருக்குக் கைவிலங்கு மாட்டி, அலமாரி, பெட்டி, குழந்தையின் அறை என்று எல்லாவற்றையும் கிளறினார்கள். கிடைத்தது சில ஆபாசப் புத்தகங்களும் படங்களும். குண்டுவெடிப்பை விட்டுவிட்டு, அவற்றை வைத்திருந்த குற்றத்துக்காக அவருக்கு ஒன்று முதல் ஏழு ஆண்டு சிறை. வழக்கு விசாரணையில் அந்தக் காகிதத்தை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. அது வாரண்டே இல்லை என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் புரிந்திருந்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, சான்று விலக்கு விதி மாநிலங்களுக்கும் பொருந்தும் என்றது.

இதற்கு எதிரான வாதமும் லேசுப்பட்டதில்லை. கான்ஸ்டபிள் சொதப்பியதற்காகக் குற்றவாளி தப்பிப்பதா என்று 1926இலேயே, அப்போது நியூயார்க் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி கார்டோசோ கேட்டுவிட்டார். தப்புச் செய்த போலீஸ்காரரைத் தண்டியுங்கள், சான்றை ஏன் தூக்கிப்போடுகிறீர்கள் என்பது இன்றைக்கும் கேட்கும் கேள்வி. நடைமுறையில் தன் அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கத் துறைகள் அவ்வளவாக முன்வருவதில்லை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட பாதிக்கப்பட்டவர்களிடம் பணமும் இல்லை, ஜூரியின் அனுதாபமும் இல்லை. எடுத்தது பிரயோஜனப்படாது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை வாரண்ட் வாங்கிக்கொண்டு வருவார்கள் என்ற கணக்கில்தான் இந்த விதி நிற்கிறது. எல்லா நாடும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. இந்தியாவில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது; ஆனால் சோதனையில் முறைகேடு இருந்தது என்பதற்காக மட்டும் கிடைத்த பொருளை ஒதுக்க வேண்டியதில்லை என்று 1973இல் பூரன் மால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அமெரிக்கத் தீர்ப்புகளைப் படிக்கும்போது நம் ஊர்ச் சட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படித்தால் குழம்பிப்போவோம்.

சரி, எது முறையற்ற சோதனை? வாரண்ட் இல்லாத சோதனை முதல் பார்வையில் தப்பு. விதிவிலக்குக்குள் வருகிறது என்று காட்ட வேண்டியது அரசின் வேலை. விதிவிலக்குகளோ ஏராளம். உயிருக்கு ஆபத்து போன்ற அவசரம், சட்டப்படி கைது செய்யும்போது ஆளின் உடலையும் கைக்கெட்டும் தூரத்தையும் தேடுவது, கண்ணெதிரே தெரியும் சட்டவிரோதப் பொருள், கார் என்று பட்டியல் நீளும். தெருவில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்க நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். ஆயுதம் வைத்திருப்பார் என்றும் அப்படிச் சந்தேகம் இருந்தால் உடைக்கு மேலாகத் தடவிப் பார்க்கலாம். இது 1968இன் டெர்ரி வழக்கிலிருந்து வருகிறது.

இவை எல்லாவற்றையும்விட போலீசுக்குக் கைகொடுப்பது சம்மதம். "கார் டிக்கியைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று அதிகாரி கேட்கிறார், "பாருங்க" என்று ஓட்டுநர் சொல்கிறார். அதோடு நான்காவது திருத்தத்தின் கதை அநேகமாக முடிந்தது. மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அதிகாரி சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. நடுரோட்டில் துப்பாக்கியும் சீருடையுமாக ஒருவர் வந்து "பார்க்கலாமா" என்றால், அதைக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு மறுக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? இந்தத் தீர்ப்பு மனித இயல்பை யோசிக்காமல் எழுதப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதைத் தேடினால் அது சோதனை ஆகும் என்பதும் காலத்துக்குத் தகுந்த மாதிரி நகர்ந்திருக்கிறது. பொதுத் தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே எஃப்பிஐ ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்த காட்ஸ் வழக்கில், 1967இல், அந்தரங்கம் இருக்கும் என்று ஒருவர் நியாயமாக எதிர்பார்க்கும் இடம் எல்லாம் பாதுகாப்புக்குள் வந்தது. ஆனால் தெருவோரம் வைத்த குப்பைப் பையை போலீஸ் கிளறலாம் என்று 1988இல் சொன்னார்கள். 2014இன் ரைலி வழக்கு, கைதானவரின் செல்போனைப் பார்க்கவும் வாரண்ட் வேண்டும் என்றது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக. சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பெட்டியும் செல்போனும் ஒன்றா என்ன? 2018இல் கார்பெண்டர் வழக்கு இன்னொரு படி போய், ஒருவர் நாள்கணக்கில் எங்கெங்கே இருந்தார் என்று காட்டும் செல்போன் கோபுரப் பதிவுகளைக் கம்பெனியிடமிருந்து வாங்கவும் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றது.

இனி போலீஸ் விசாரணை. இதற்கு வேர் ஐந்தாவது திருத்தத்தில்: தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்பதை மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது 1936இல். மிசிசிப்பியில் மூன்று கறுப்பினத் தொழிலாளர்களைச் சாட்டையால் அடித்து, ஒருவரை மரத்தில் தூக்கிக் கட்டி, ஒப்புக்கொள்ள வைத்து மரண தண்டனையும் விதித்திருந்தார்கள். அடித்ததை அதிகாரிகள் கோர்ட்டில் மறுக்கக்கூட இல்லை. அடிப்பது குறைந்த பிறகு வேறு வித்தைகள் வந்தன: மூடிய அறை, மாறிமாறி வரும் அதிகாரிகள், பொய்யான ஆதாரங்கள், போலி அனுதாபம். வாக்குமூலம் மனமுவந்து கொடுத்ததா இல்லையா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாக அளந்து பார்ப்பது நீதிமன்றத்துக்குப் பெரும்பாடாக இருந்தது.

அதற்குப் பொதுவான ஒரு விடையாக வந்ததுதான் 1966இன் மிராண்டா தீர்ப்பு. ஃபீனிக்ஸ் நகரில் கடத்தல், பாலியல் வன்முறை வழக்கில் கைதான எர்னஸ்டோ மிராண்டா, இரண்டு மணி நேர விசாரணைக்குப் பிறகு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். என் சட்ட உரிமைகள் எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன் என்று அந்தத் தாளிலேயே தட்டச்சு செய்திருந்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. காவலில் வைத்து விசாரிக்கும் முன், பேசாமல் இருக்கலாம், பேசினால் அது எதிராகப் பயன்படும், வழக்கறிஞர் உடன் இருக்கலாம், வசதி இல்லை என்றால் அரசே அமர்த்தும் என்ற நான்கையும் சொல்லியாக வேண்டும் என்று 5-4 கணக்கில் தீர்ப்பானது. மிராண்டா விடுதலையாகிப் போய்விடவில்லை. 1967இல் அந்த வாக்குமூலம் இல்லாமலேயே மறுவிசாரணை நடந்தது. அவரோடு வாழ்ந்த பெண், தன்னிடம் அவர் ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்னார். மறுபடியும் 20 முதல் 30 ஆண்டுகள் தண்டனை.

இங்கே 'காவலில்', 'விசாரிக்கும்' என்ற இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். கைது செய்து, ஒன்றுமே கேட்காமல் ஜீப்பில் உட்காரவைத்திருக்கும்போது ஆள் தானாக உளறினால் அது செல்லும். வீட்டு வாசலில் நின்று, எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்ற நிலையில் பதில் சொன்னால் அதுவும் பெரும்பாலும் செல்லும். பொது ஆபத்துக்கும் விலக்கு உண்டு: 1984இல் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்குள் பிடிபட்டவரிடம் "துப்பாக்கி எங்கே?" என்று எச்சரிக்கை சொல்லாமலே கேட்டது சரி என்றார்கள்.

உரிமையைப் பயன்படுத்துவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தாம்ப்கின்ஸ் என்பவர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் அநேகமாக வாயே திறக்கவில்லை. கடைசியில், அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிக்கும்படி கடவுளிடம் வேண்டுகிறாயா என்று அதிகாரி கேட்க, "ஆமாம்" என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எதிராகச் செல்லும் என்று 2010இல் தீர்ப்பானது. பேசாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்பதை வாய்விட்டுப் பேசித்தான் சொல்ல வேண்டுமாம்! வழக்கறிஞர் விஷயத்திலும் அப்படியே. "ஒருவேளை வக்கீலிடம் பேசணுமோ என்னவோ" என்று இழுத்தால் விசாரணையை நிறுத்த வேண்டியதில்லை. "வக்கீல் வேண்டும்" என்று நேராகச் சொன்னால் அவர் வரும்வரை போலீஸ் கேள்வி கேட்பதை நிறுத்தியாக வேண்டும்.

தப்பான வழியில் முதலில் கிடைத்ததை மட்டும் விலக்கினால் போதாது. வாரண்ட் இல்லாமல் வீட்டில் எடுத்த டைரியில் ஒரு கிடங்கின் முகவரி இருக்கிறது, அங்கே போனால் சரக்கு இருக்கிறது என்று வையுங்கள். டைரியை ஒதுக்கிவிட்டுச் சரக்கை அனுமதித்தால் விதிக்கே அர்த்தம் இல்லை. நச்சு மரத்தின் கனி என்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் 1939இல் பெயர் வைத்தது இதற்குத்தான்: மரம் நஞ்சானால் பழமும் நஞ்சு. ஆகவே ஒரு சான்றைப் பார்த்ததும் வழக்கறிஞர் செய்யும் முதல் வேலை, இது எதனால் கிடைத்தது, அது எதனால் கிடைத்தது என்று பின்னோக்கிக் கொண்டே போவது. போகிற வழியில் எங்காவது போலீசின் மீறல் தட்டுப்பட்டால் அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஆட்டம் காணும்.

அரசுத் தரப்பு அந்தச் சங்கிலியை அறுக்கப் பார்க்கும். அறுப்பதற்கு நல்ல உதாரணம் அயோவா மாநிலத்தில் நடந்த வில்லியம்ஸ் வழக்கு. 1968 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு பத்து வயதுச் சிறுமி காணாமல் போனாள். வில்லியம்ஸ் இன்னொரு ஊரில் சரணடைந்தார். வழியில் எதுவும் கேட்கக் கூடாது என்று வழக்கறிஞரோடு பேசிவைத்துத்தான் போலீஸ் அவரைக் காரில் அழைத்துவந்தது. துப்பறிவாளர் கேள்வியாக எதுவும் கேட்கவில்லை. பனி கொட்டப்போகிறது, அப்புறம் உடலை நீயே தேடினாலும் கிடைக்காது, அந்தப் பெற்றோருக்குத் தங்கள் குழந்தையை முறைப்படி அடக்கம் செய்யக் கொடுத்துவைக்க வேண்டாமா என்று பேச்சை மட்டும் போட்டார். வில்லியம்ஸ் உருகி இடத்தைக் காட்டிவிட்டார். வழக்கறிஞர் இல்லாத நேரத்தில் தந்திரமாக வாங்கிய வார்த்தை அது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. மறுவிசாரணையில் அவர் பேசியதை விட்டுவிட்டு, உடலை மட்டும் சான்றாக வைத்தார்கள். அதே நேரத்தில் இருநூறு தன்னார்வலர்கள் அந்தத் திசையில்தான் தேடிக்கொண்டிருந்தார்கள், எப்படியும் கிடைத்திருக்கும் என்ற வாதத்தை 1984இல் நீதிமன்றம் ஏற்றது. எப்படியும் கிடைத்திருக்கும் என்ற விதிவிலக்கு அங்கே பிறந்தது.

அதே ஆண்டு இன்னொரு பெரிய ஓட்டை விழுந்தது. நீதிபதி கொடுத்த வாரண்டை நம்பி போலீஸ் சோதனை போட்டிருக்கிறது. பிறகு அந்த வாரண்டுக்கே போதிய காரணம் இல்லை என்று தெரியவந்தால்? நல்லெண்ணத்தோடு நடந்திருந்தால் சான்று செல்லும் என்றது லியோன் தீர்ப்பு. 2009இல், பக்கத்து மாவட்டத்தின் கணினியில் ரத்தான வாரண்டை நீக்க மறந்ததால் நடந்த கைதுக்கும் இதே சலுகை கிடைத்தது. 2016இன் ஸ்ட்ரீஃப் வழக்கில், நியாயமான சந்தேகம் இல்லாமலே ஒருவரை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அவர் பேரில் பழைய போக்குவரத்து வாரண்ட் ஒன்று இருப்பது தெரிந்தது. அதைக் காட்டிக் கைது செய்து சோதித்தபோது போதைப்பொருள் கிடைத்தது. அதுவும் செல்லும். நடுவில் வந்த வாரண்ட் சங்கிலியை அறுத்துவிட்டது என்பது பெரும்பான்மையின் கருத்து. முதலில் நிறுத்தியிருக்காவிட்டால் வாரண்டைப் பற்றி யாருக்குத் தெரிந்திருக்கும் என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் அந்தத் தீர்ப்பில் கிடைக்கவில்லை.

மிராண்டா மீறலின் விளைவு சோதனை மீறலைவிட லேசானது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்க உதவாது; ஆனால் ஆள் சாட்சிக் கூண்டில் ஏறி மாற்றிப் பேசினால், அன்று இப்படிச் சொன்னாயே என்று மடக்க அதை எடுக்கலாம். அந்த வாக்குமூலத்தை வைத்துக் கண்டெடுத்த துப்பாக்கியும் செல்லும் என்று 2004இல் முடிவானது. இதெல்லாம் மிரட்டாமல், அடிக்காமல் வாங்கியதற்குத்தான். கட்டாயப்படுத்தி வாங்கியது எதற்குமே உதவாது.

இன்னொன்று, மீறப்பட்டது யாருடைய உரிமையோ அவர்தான் கேட்க முடியும். நண்பரின் வீட்டில் முறைகேடாகச் சோதனை போட்டு எடுத்த கடிதம் உங்களைச் சிக்கவைத்தால், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வீடு உங்களுடையது இல்லையே. 1978இல் காரில் பயணிகளாக வந்த இருவர், இருக்கைக்கு அடியில் எடுத்த துப்பாக்கியைப் பற்றி இப்படித்தான் தோற்றார்கள். காரும் தங்களுடையதில்லை, துப்பாக்கியும் தங்களுடையதில்லை என்றால் உங்கள் அந்தரங்கம் எங்கே மீறப்பட்டது என்று நீதிமன்றம் திருப்பிக் கேட்டது. (காரை நிறுத்தியதே தப்பு என்று பயணியும் வாதிடலாம்; அது வேறு.)

கோர்ட்டில் இது நடக்கும் விதம் படங்களில் வருவது போல் பரபரப்பாக இருக்காது. விசாரணை தொடங்கும் முன்பே விலக்கு மனு போட்டுவிட வேண்டும். காலம் கடந்தால் உரிமை போய்விடும். ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும் கேட்பார். வாரண்ட் இருந்தால் அதில் கோளாறு என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சோதனை சரிதான் என்று அரசு காட்ட வேண்டும். முக்கிய சாட்சி பெரும்பாலும் அந்த போலீஸ்காரரேதான். காரை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், அபராதச் சீட்டு எழுதி முடித்தது எப்போது, மோப்ப நாய் வந்தது எப்போது என்று நிமிடக்கணக்கில் கேள்விகள் போகும். அற்பமான கேள்விகள் மாதிரித் தெரியும். 2015இல் நெப்ராஸ்கா வழக்கு ஒன்றில், எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்து முடித்த பிறகு நாய்க்காக ஏழெட்டு நிமிடம் காரை நிறுத்திவைத்ததுதான் பிரச்சினையே. போக்குவரத்து வேலை முடிந்த பிறகு, தனியாகச் சந்தேகம் இல்லாமல், ஒரு நிமிடம்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

குற்றஞ்சாட்டப்பட்டவரும் இந்த விசாரணையில் சாட்சி சொல்லலாம். போலீஸ் எடுத்த அந்தப் பெட்டி என்னுடையதுதான், அதனால்தான் உரிமை கோருகிறேன் என்று இங்கே சொன்னதைப் பிறகு குற்றத்தை நிரூபிக்க அவருக்கு எதிராகத் திருப்ப முடியாது. 1968இல் வந்த பாதுகாப்பு இது. மனு வென்றால் அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாம், மிச்சச் சான்றோடு வழக்கை நடத்தலாம், ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் வழக்கையே கைவிடலாம். தோற்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையைச் சந்திக்கலாம். அல்லது, அரசும் நீதிபதியும் சம்மதித்தால், விலக்கு மனு பற்றி மேல்முறையீடு செய்யும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். மேல்கோர்ட்டில் ஜெயித்தால் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.